என் வீட்டுக்காரர் சாப்பிடப் போன இடம்

பொறாமைப்பட உலகத்தில் எத்தனையோ இருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரியின் வளையல் இருக்கிறது, கூட வேலை பார்க்கிறவளின் மாமியார் ஊரைவிட்டே போன அதிர்ஷ்டம் இருக்கிறது. நான் பொறாமைப்பட்டது ஒரு சாளை மீன் குழம்பைப் பார்த்து. பார்த்துக்கூட இல்லை, போனில் கேள்விப்பட்டு. அந்தக் குழம்பை வைத்தவள் யார், எப்படி இருப்பாள், அவள் கைக்கு மட்டும் அப்படி என்ன ருசி என்று யோசித்து யோசித்து, கரும்பலகையில் வகுத்தல் கணக்கைத் தப்பாகப் போட்டு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுந்து நின்று திருத்தும் அளவுக்கு ஆகிவிட்டது. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

எனக்குப் பதவி உயர்வு வந்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது. பாளையங்கோட்டையில் ஆசிரியையாக இருந்தவளைத் தலைமையாசிரியை ஆக்கி, ராதாபுரத்தைத் தாண்டி ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். அந்த நாற்காலிக்காக நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். தினமும் போய் வர முடியாதா என்றால், முடியும். ஆனால் பஸ் பள்ளிக்கூட மணிக்கு ஒத்து வராது, காலையில் அந்தப் பள்ளிக்கூடத்தின் பூட்டைத் திறப்பதே தலைமையாசிரியைதான். அதனால் அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கி, திங்கட்கிழமை விடியக்காலை போய் வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரும்புவது என்று முடிவு செய்தோம். மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஆக, வீட்டில் மிச்சம் என் வீட்டுக்காரர் மட்டும்தான்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மனிதர். கூட்டுறவு அலுவலகத்தில் வேலை, சர்ச் சபையில் கமிட்டி மெம்பர், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. ஆனால் வெந்நீர் போடச் சொன்னால் எந்தப் பாத்திரத்தில் என்று கேட்பார். சாப்பிட உட்கார்ந்தால் எதிரிலேயே சட்டி இருந்தாலும் கை நீளாது; நான் வந்து வைக்கும் வரை வட்டிலைப் பார்த்துக்கொண்டே இருப்பார். சாப்பிட்டு முடித்தால் வட்டில் இருந்த இடத்திலேயே இருக்கும், இவர் எழுந்து டி.வி. பக்கம் போய்விடுவார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான். எங்கள் பக்கத்து ஆம்பிளைகளில் பாதிப் பேர் இப்படித்தான் என்பதால் இதை ஒரு குறையாக நான் யாரிடமும் சொன்னதுகூட இல்லை. சொல்லப்போனால் எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. நான் இல்லாவிட்டால் இந்த மனுஷன் பட்டினி கிடப்பார் என்கிற பெருமை.

ஆகவே, புது வேலையில் சேருவதற்கு முன்னால் இருந்த கோடை விடுமுறையில், அவருக்கு மூன்று வேளையும் வயிற்றைக் கெடுக்காமல், பையையும் காலி செய்யாமல் சோறு போடுகிற ஓர் இடத்தைத் தேடிப் புறப்பட்டோம். இவர் ஸ்கூட்டர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து போர்டு போர்டாகப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

எங்கள் நகர் பாளையங்கோட்டைக்கு வெளியே, பைபாஸை ஒட்டிப் புதிதாக எழும்பியது. இங்கே எல்லாம் இருக்கிறது. ஜிம் இருக்கிறது. தெருவுக்கொரு பல் டாக்டர் இருக்கிறார். நாய்க்கு முடி வெட்டிக் குளிப்பாட்டுகிற கடைகூட வந்துவிட்டது. மனுஷன் உட்கார்ந்து ஒரு வாய் சோறு தின்ன மட்டும் இடம் கிடையாது. வீடு கட்டியவர்கள் எல்லாரும் வீட்டில்தான் சாப்பிடுவார்கள் என்று நினைத்துவிட்டார்கள் போலும்.

பைபாஸ் ஓரத்தில் ஏ.சி. போட்ட ஹோட்டல் ஒன்று உண்டு. அங்கே தோசையைக் கோபுரம் மாதிரி நிறுத்திக் கொண்டுவந்து வைத்தார்கள். பில்லைப் பார்த்ததும் இவர் அந்தத் தோசையை மறுபடியும் ஒரு தடவை பார்த்தார். மகள் படிப்புக்கும் வீட்டுக் கடனுக்கும் கட்டிவிட்டு மிச்சம் இருப்பதில் அங்கே வாரத்துக்கு ஒரு காபி குடிக்கலாம், அவ்வளவுதான். அடுத்தது தெருமுக்குப் பரோட்டாக் கடை. சால்னா பிரமாதம், ஆனால் கடையே பொழுது சாய்ந்த பிறகுதான் திறப்பார்கள், இவருக்கோ ராத்திரி மைதா தின்றால் விடியவிடிய நெஞ்சு எரியும். செல்போனில் ஆர்டர் போட்டால் வாசலுக்கே வரும் என்று மகள் சொல்லிக்கொடுத்தாள். வந்தது. பிளாஸ்டிக் டப்பாவும் மூடியும் பையும் சேர்ந்து ஒரு குப்பைத்தொட்டி நிறைந்தது, இவர் வயிறு நிறையவில்லை.

மார்க்கெட் பக்கம் சைவ மெஸ் ஒன்றில் சாப்பாடு நன்றாக இருந்தது. சொதியும் இஞ்சித் துவையலும் வைத்தார்கள். நான் அடுக்களை வரைக்கும் போய் எட்டிப் பார்த்தேன். என்ன எண்ணெய், அரிசி எங்கே வாங்குகிறீர்கள், மீந்த சாம்பாரை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கல்லாவில் இருந்தவர் எழுந்தே வந்துவிட்டார்.

"எக்கா, நீங்க சாப்பிட வந்தீயளா, இல்ல சோதன போட வந்தீயளா?"

"எங்க வீட்டுக்காரரு தெனமும் சாப்பிடப் போறாரு. பாக்கணும்லா" என்றேன்.

வெளியே வந்ததும் இவர் முகத்தைச் சுளித்தார். "மீனு இல்லாம எத்தன நாளு இந்தப் புல்லையே திங்க? சாம்பாரும் ஒரு மாதிரி இனிக்கி. நீ வைக்குத மாதிரி வரல."

நீ வைக்குத மாதிரி வரல. அந்த விடுமுறை முழுக்க இதைத்தான் எந்தக் கடையிலிருந்து வெளியே வந்தாலும் சொன்னார். வெயிலில் அலைந்த களைப்பெல்லாம் எனக்கு அந்த வார்த்தையில் போய்விடும். "ஆமா, எல்லாரும் என்ன மாதிரி வைப்பாளுவளா" என்று முணுமுணுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறுவேன். கடைசியில் காலைக்கு மகளிர் குழுப் பெண்கள் நடத்துகிற இட்லிக் கடை என்று முடிவாயிற்று. மத்தியானத்துக்குச் சைவ மெஸ், ராத்திரிக்கு நான் ஞாயிற்றுக்கிழமையே ஒரு வாரத்துக்கு வைத்து ஃபிரிட்ஜில் அடுக்கிவிட்டுப் போகும் குழம்பு. சோறு மட்டும் குக்கரில் வைக்கப் பழக்கினேன். அதற்கே ஒரு வாரம் ஆயிற்று.

ஜூனில் போய்ச் சேர்ந்தேன். தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் போன் போட்டு முதலில் கேட்பது, "என்ன சாப்பிட்டீங்க?" என்றுதான்.

"ஏதோ சாப்பிட்டேன்" என்பார்.

நான் என்ன சாப்பிட்டேன் என்று அவர் கேட்டதில்லை. கேட்கவேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை.

வெள்ளிக்கிழமை வந்து பார்த்தால் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நிற்கும். கோயிலில் ஆளாளுக்கு, "ஸாரு ஏன் இப்படி மெலிஞ்சுபோயிட்டாரு?" என்று என்னைப் பார்த்துக் கேட்பார்கள். அவரைப் பார்த்துக் கேட்கக் கூடாதா? இவருடைய அக்கா இருக்கிறாளே, அவள் ஆராதனை முடிந்து படியில் இறங்கும்போதே ஆரம்பித்துவிடுவாள். "எந்தம்பி வெளிய தின்னுட்டு அலையுதான். வீட்டுக்காரி அங்கன நாற்காலியில உக்காந்து மணி அடிக்கா" என்பாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் உள்ளே பயமும் இருந்தது. கல்வி அலுவலகத்தில் விசாரித்து வைத்திருந்தேன். டவுனில் ஆசிரியை இடம் ஒன்று காலியாக இருந்தது. தலைமையாசிரியைப் பதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் அங்கே வந்துவிடலாம். பழையபடி வீட்டிலிருந்தே வேலைக்குப் போகலாம், இவருக்கு ஆக்கிப்போடலாம். ஆனால் அந்த நாற்காலி போனால் போனதுதான், ஓய்வு பெறும் வரை திரும்ப வராது. இவர் வயிறா, என் நாற்காலியா என்று ஒவ்வொரு வாரமும் பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் மனசுக்குள் இழுபறிதான்.

காலாண்டுப் பரீட்சை சமயத்தில் ஒருநாள் வழக்கம்போல போன் போட்டேன்.

"என்ன சாப்பிட்டீங்க?"

"சாளைக் குழம்பு, கீரைக் கடைசல், மாங்காப் பச்சடி. கடைசில ரசம். ஆத்தாடி, என்னா ரசம்!"

போனைக் காதிலிருந்து எடுத்து, சரியான ஆளைத்தான் கூப்பிட்டிருக்கிறேனா என்று பார்த்தேன். இந்த மனுஷன் வாயிலிருந்து 'ஆத்தாடி' என்று ஒரு ரசத்துக்கு வந்து நான் கேட்டதில்லை.

"எங்கன?"

"நம்ம நகர்லதான். ஆறாவது தெருவுல ஒரு அக்கா மெஸ் நடத்துதாவ."

"ஆறாவது தெருவுலயா? அங்க ஒரு போர்டும் கெடையாதே!"

"போர்டு கெடையாதுதான். தெரிஞ்சவுகதான் வருவாவ. நீ பாத்து வச்ச மெஸ்ஸுல கொடுக்கதுல பாதிதான் ஆவுது."

ஒரு கல்லில் இரண்டு அடி. ஒன்று, அந்தத் தெருவில் நான் மூக்கை விட்டு மோப்பம் பிடிக்காத குறையாகத் தேடியும் கண்ணில் படாததை இவர் கண்டுபிடித்துவிட்டார். இரண்டு, 'நீ வைக்குத மாதிரி வரல' என்பதை அன்றைக்கு அவர் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்துகொண்டு, அவருக்குச் சோறு கிடைத்துவிட்டதே என்று சந்தோஷப்படப் பார்த்தேன். சத்தியமாக முடியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜைத் திறந்தேன். நான் வைத்துவிட்டுப் போன புளிக்குழம்பும் தக்காளித் தொக்கும் வைத்த கோலத்திலேயே இருந்தன. அக்கா மெஸ்ஸில் ராத்திரியும் உண்டாம். அடுத்த வாரமும் அப்படித்தான். கொட்ட மனசு வராமல், திங்கட்கிழமை அதையெல்லாம் தூக்குச்சட்டியில் ஊற்றி என்னோடு எடுத்துப் போனேன். அவர் தொடாத குழம்பை வாரமெல்லாம் நான் அங்கே உட்கார்ந்து தின்றேன். தின்னத் தின்ன, இதில் என்ன குறை, உப்பா, புளியா, என்ன குறை என்று நாக்கைச் சப்புக்கொட்டி ஆராய்ச்சி வேறு.

ஒரு குறையும் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

சரி, பார்த்துவிடுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்கு முன்னாலேயே மார்க்கெட்டுக்குப் போய்ச் சாளை வாங்கிவந்தேன். தூத்துக்குடியிலிருந்து வந்து இறங்கிய மீன், கண் பளபளவென்று இருந்தது. மிளகாய் மல்லியை அம்மியில் அரைத்தேன். மிக்ஸி வந்த பிறகு அந்த அம்மி பக்கம் நான் போனதே இல்லை. இவர் உட்கார்ந்தார். வைத்தேன். பக்கத்திலேயே நின்றேன். முதல் வாய், இரண்டாம் வாய்.

"நல்லாருக்கு" என்றார்.

நான் மூச்சு விட்டேன்.

"அந்த அக்கா இதுல கொஞ்சம் தேங்கா கூட அரைப்பாவ."

அகப்பையைச் சட்டிக்குள் போட்டேன், சத்தமாகவே போட்டேன். "அப்ப அங்கனயே போயித் தின்னுங்க!"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கிண்டலே இல்லாமல், பச்சைப்பிள்ளை மாதிரி பதில் சொன்னார். "இன்னைக்குக் கெடையாதுளா. ஞாயித்துக்கிழம லீவு."

நான் என்ன செய்ய? சுவரில் போய் முட்டிக்கொள்ளலாமா என்று இருந்தது.

அதன் பிறகு நான் வேவு பார்க்க ஆரம்பித்தேன். ஆள் உடம்பு தேறியிருந்தார். கன்னத்தில் சதை வைத்திருந்தது. சட்டைகளைத் துவைக்கப் போட்டால் முழங்கைக்கு மேல் வரை மடித்துவிட்ட சுருக்கம், தோள் பக்கம் மஞ்சள் கறை. சாப்பிடுகிறவனுக்கு அங்கே எப்படிக் கறை வரும்? ராத்திரி போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே, "நேரமாச்சு, அடுத்த பந்தி ஆரம்பிச்சுரும்" என்று வைத்துவிடுவார். பந்தியா, அங்கே தினமும் கல்யாணமா நடக்கிறது? ஒருநாள் பேசும்போது பின்னால் பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"யாரு அது சிரிக்கா?"

"நர்ஸம்மா."

"எந்த நர்ஸம்மா?"

"சாப்பிட வாரவதான். நீ வையி, பெறகு பேசுதேன்."

எனக்கு அன்றைக்கு ராச்சாப்பாடு இறங்கவில்லை. தப்பாக ஒன்றும் நினைக்கவில்லை, இவரைப் பற்றி அப்படி நினைக்க முடியாது. ஆனால் அந்த அக்கா என் அடுக்களைக்குள் வந்து என் இடத்தில் நிற்கிற மாதிரியே இருந்தது. இவர் பசியோடு இருந்தால் எனக்கு அழுகை வந்தது, வயிறு நிறைந்து இருந்தால் ஆத்திரம் வந்தது. இப்படி ஒரு கேடுகெட்ட மனசு.

அந்தச் சமயம் பார்த்து இவருடைய அக்கா, கோயில் வாசலில் நாலு பேர் கேட்கச் சொன்னாள்: "எவளோ ஒருத்தி கையால தின்னு எந்தம்பி ஆளு தேறிட்டான். இனி இவ எதுக்கு?"

இனி இவ எதுக்கு. வீடு வரும் வரைக்கும் அந்த மூன்று வார்த்தை என் காதில் ஓடிக்கொண்டே இருந்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். புதன்கிழமை லீவு போட்டுவிட்டுக் கல்வி அலுவலகத்துக்குப் போய், தலைமையாசிரியைப் பதவி வேண்டாம், டவுன் இடத்தைக் கொடுங்கள் என்று சொல்லிவிடுவது. இவருக்குச் சோறு கிடைக்காமல் தவித்த மாதங்களில் நான் அந்த நாற்காலியை விடவில்லை. சோறு கிடைத்த பிறகு விடப் போனேன். அவ்வளவு பொறாமை.

அலுவலகத்துக்கு மத்தியானத்துக்கு மேல் போனால் போதும். அதற்கு முன்னால் அந்த அக்காவின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. இவரிடம் வருகிறேன் என்று சொல்லவில்லை. புதன்கிழமை சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக ஆறாவது தெருவில் நுழைந்தேன். ஒரு வீட்டு வாசலில் செருப்பு குவிந்து கிடந்தது. அதுதான்.

காரே இல்லாத கார் ஷெட். நீள மேஜை இரண்டு, பெஞ்சுகள், ஓரத்தில் வரிசையாகக் கழுவிக் கவிழ்த்த வட்டில்கள். உள்பக்கம் பெரிய அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் அந்த அக்கா உட்கார்ந்திருந்தாள். என்னைவிடப் பதினைந்து வயசாவது மூத்தவள். தலை முழுக்க வெள்ளை, இரண்டு முழங்காலிலும் துணிப்பட்டை சுற்றியிருந்தது. உட்கார்ந்த வாக்கிலேயே குழம்பைத் துழாவிக்கொண்டிருந்தாள். இவளோடா இத்தனை மாதம் சண்டை போட்டேன் என்று எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"வாங்கம்மா. புதுசா? உக்காருங்க" என்றாள். பேச்சிலேயே கடற்கரைப் பக்கம் என்று தெரிந்தது. கூடங்குளத்துக்குப் பக்கத்து ஊராம். "ஒண்ணு சொல்லிருதேன். நமக்குக் காலு நிக்காது. ஆக்கிவைக்கது மட்டும்தான் நான். வேலைக்கு ஆளு வச்சா இந்த வெலைக்குப் போட முடியாது. அதனால, சாப்பிட்டு எந்திச்சவுக அடுத்த பந்திக்கு வாளி எடுக்கணும். அவுகவுக வட்டில அவுகவுக கழுவணும். நம்ம கோயில் அசனம் மாதிரின்னு வச்சுக்கிடுங்களேன்."

அசனம் என்றால் எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கோயில் பண்டிகையில் சபையார் எல்லாரும் வேறுபாடு இல்லாமல் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாடு. வீட்டில் தண்ணீர் மோந்து குடிக்காத ஆம்பிளைகள்கூட அன்றைக்கு மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளி தூக்குவார்கள். என் வீட்டுக்காரர் அதையும் செய்ததில்லை. அவர் கமிட்டி, நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அங்கன கறி வரல பாரு" என்று கையைக் காட்டுகிறதோடு சரி. ஆகவே அந்த அக்கா சொன்னதைக் கேட்டதும், இவருக்கு மட்டும் ஏதோ சலுகை கொடுத்திருக்கிறாள், அதனால்தான் இந்த உருகல் என்று நினைத்தேன். என் பொறாமைக்கு மறுபடி உயிர் வந்தது. பெஞ்சின் கடைசியில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் வெள்ளைச் சேலையில் ஒரு பெண். நர்ஸம்மா இவள்தான் போலும்.

உள்ளேயிருந்து ஓர் ஆள் சோற்று வாளியோடு வந்தார். சட்டைக் கை முழங்கைக்கு மேலே மடித்திருந்தது. தோளில் துண்டு. என் வீட்டுக்காரர்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மறு கோடியிலிருந்து ஆரம்பித்தார். "டிரைவர் தம்பி, ஒனக்கு மலை மாதிரி வேணும், இந்தா." அடுத்தவருக்குப் பாதிக் கரண்டி. "அண்ணாச்சிக்குச் சுகரு, சோறு கொஞ்சம், கீரை ரெண்டு தரம்." பேங்கில் வேலை பார்க்கிற பெண்ணின் வட்டிலில் சோற்றை இரண்டாகப் பிரித்து வைத்தார். "நீ கொழம்பும் ரசமும் கலக்காம திம்ப, எனக்குத் தெரியும்." அவள் சிரித்தாள். "பைய சாப்பிடுங்க, பஸ்ஸு போனா போவுது" என்று ஒரு வயசானவரின் தோளைத் தட்டினார். ஒவ்வொருத்தர் வட்டிலுக்கும் கை தானாகப் போயிற்று. எவ்வளவு, எது, எது வேண்டாம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இத்தனை நாள் எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. அந்த முழங்கால் வலிக்காரியிடம் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்களே, அந்த டிரைவர், அந்த பேங்க் பெண், இந்த நர்ஸ், அவர்கள் ஒவ்வொருத்தர் மேலும் வந்தது பொறாமை. இவர்கள் என்ன புண்ணியம் செய்தார்கள், நான் என்ன பாவம் செய்தேன்? காய்ச்சலில் கிடந்தபோதுகூட எனக்கு ஒரு டம்ளர் கஞ்சி எடுத்து நீட்டாத கை அது. பிள்ளை பெற்று வந்தபோதும் என் அம்மாதான் வந்து நின்றாள். எவரெவருக்கோ சர்க்கரை நோய் என்று தெரிந்துவைத்திருக்கிறார்!

நர்ஸம்மாவுக்கு வைத்தார். "ஒங்களுக்கு நைட் ட்யூட்டி, இப்பவே நல்லாச் சாப்பிட்டுருங்க." அடுத்தது நான். கரண்டியில் சோற்றை அள்ளிக்கொண்டே திரும்பினார்.

"ஏளா! நீயா? எப்ப வந்த?"

வட்டிலை மட்டும் கொஞ்சம் முன்னால் தள்ளினேன்.

கரண்டி என் வட்டிலுக்கு மேலே வந்து நின்றது. வரிசை முழுக்க ஓரிடத்திலும் நிற்காத கை. "அண்ணாச்சி, கொழம்பு வரல" என்று யாரோ கூப்பிட்டார்கள். அவர் அசையவில்லை. என் முகத்தையும் வட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒனக்கு எவ்வளவு வைக்கணும்?" என்று கேட்டார்.

கிண்டல் இல்லை, மரியாதைக்குக் கேட்டதும் இல்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார். எப்படித் தெரியும்? நான் சாப்பிட்டு அவர் பார்த்ததே இல்லை. அவர் எழுந்து டி.வி. பக்கம் போன பிறகுதான் நான் உட்காருவேன். அதுவும் பாதி நாள் அடுக்களையில் நின்றுகொண்டே. கல்யாண வீடுகளில் பெண்கள் பந்தி தனி. கோடையில் கடை கடையாக ஏறியபோதும் அவருக்கு மட்டும்தான் சாப்பாடு சொன்னோம், நான் ருசி பார்த்ததோடு சரி. நான் குழம்புக்கு முன்னால் ரசம் ஊற்றிக்கொள்கிறவள் என்று அவருக்குத் தெரியாது. மீனில் எனக்குத் தலைதான் உயிர் என்பதும் தெரியாது. அதை ஒவ்வொரு தடவையும் அவருக்கு வைத்துவிட்டு நான் வால் துண்டைத் தின்றுவந்தேன்.

நர்ஸம்மாவுக்கு விஷயம் புரிந்து, சிரித்துவிட்டாள். "அண்ணாச்சி, ஒங்க வீட்டம்மாவா? எங்களுக்கெல்லாம் கேக்காம வைக்கீய, இவுகளுக்கு எவ்வளவுன்னு ஒங்களுக்குத் தெரியலியா?"

அவர் முகம் கறுத்துப்போயிற்று. நான் அதுவரை அந்த முகத்தில் வெட்கத்தைப் பார்த்ததில்லை.

"வையுங்க" என்றேன். "போதும்னா நானே சொல்லுதேன்."

ஒரு கரண்டி வைத்தார். இன்னொன்று வைத்தார். மூன்றாவதும் விழுந்த பிறகுதான் கையைக் காட்டினேன். குழம்பு வாளியை ஓடிப்போய் வாங்கிவந்தார். அன்றைக்குப் பாரை மீன் குழம்பு. நடுத்துண்டாகப் பார்த்து எடுத்தார்.

"தலைய வையுங்க."

"தலையா? ஒனக்கு…"

"எனக்குத்தான்."

குனிந்து வாளிக்குள் கரண்டியை விட்டுத் துழாவித் தலையைத் தேடி எடுத்து வைத்தார். வைத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றார். மறுகோடியில் ஆள்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் தலையை உடைத்து, உறிஞ்சி, முள்ளை ஓரமாக வைத்து, அவசரமே இல்லாமல் சாப்பிட்டேன். அவர் வாளியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். பாழாய்ப்போன குழம்பு நன்றாகத்தான் இருந்தது. தேங்காய் கூடத்தான்.

கல்வி அலுவலகம் சாயங்காலம் வரை திறந்துதான் இருந்திருக்கும். நான் போகவில்லை. போய் எழுதிக் கொடுத்திருந்தால் மறுநாளே அவர் வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார், நான் அகப்பையோடு நின்றிருப்பேன். நான் எவ்வளவு சாப்பிடுவேன் என்று அவர் அப்புறம் என்றைக்குக் கேட்பார்? பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ராதாபுரம் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வள்ளியூர் தாண்டும்போது போன் அடித்தது. என் வீட்டுக்காரர்தான்.

"ராத்திரிக்கு அங்கன என்ன சாப்பிடுவ?" என்று கேட்டார்.